ம் கொட்டிய பன்

பனியன் தையலின் ஓரத்தில் தொங்கும் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி வெட்டி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள் துளசிமணி. வலது பக்கம் வெட்டாத மூட்டை, இடது பக்கம் வெட்டி அடுக்கியது, எதிரே காலை நீட்டி உட்கார்ந்து கிரீம் பன்னைத் தின்றுகொண்டிருக்கும் மகள் தன்சிகா, அவளுக்குப் பின்னால் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கும் தனபால். சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடித்து விடிந்து வந்தவன், ஒரு காதில் நீலமும் மறு காதில் சிவப்பும் ஒட்டியபடி கிடந்தான். லைன் வீட்டில் அந்த ஒரே அறைதான் அவர்களுக்கு. குழந்தை அழுதால் அவன் எழுந்துவிடுவான், எழுந்தால் மறுபடி தூக்கம் வராது, அப்படித் தூங்காமல் வேலைக்குப் போன ஒரு நாள் கொதிக்கும் சாயத் தொட்டியின் விளிம்பில் நின்றபடியே கண் சொருகி, பக்கத்து ஆள் காலரைப் பிடித்து இழுத்ததால் உயிரோடு வந்து சேர்ந்தான். கிழிந்த காலரைத் தைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து தன்சிகாவின் வாய் கோணத் தொடங்கும்போதெல்லாம் துளசிமணி அவள் கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிடுவாள், குழந்தை சத்தமில்லாமல் தின்னும்.

அந்தப் பன் அன்றைக்கு 'ம்' என்றது.

தாய்சேய் அட்டை என்று பச்சை நிறத்தில் ஒன்றை அரசாங்கம் கொடுத்திருந்தது. ஓடைக்காட்டுப் புதூரில் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் அது உண்டு. சொசைட்டி கடையில் சென்னியப்பனிடம் அதை நீட்டினால், அவர் மெஷினில் தேய்த்துவிட்டு, பருப்போ முட்டையோ நிலக்கடலையோ கேட்டதைத் தருவார். கேட்டதைத் தந்ததுதான் வினையாகிப் போனது. பெண்கள் முதலில் முட்டை கேட்டார்கள், பிறகு முட்டையோடு பிஸ்கட் கேட்டார்கள், பிறகு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பனியன் கம்பெனிக்கு ஓடுகிறவளுக்குப் பயறு வேகும்வரை அடுப்பண்டை நிற்க ஏது நேரம்? மேலே இருக்கிறவர்கள் பார்த்தார்கள், குழந்தைகளுக்கு எடை ஏறவில்லை, பல்லில் சொத்தைதான் ஏறுகிறது என்று கண்டார்கள், பன், பிஸ்கட், சிப்ஸ், கலர் சோடா எதுவும் இனி அட்டைக்குக் கிடையாது என்று உத்தரவு போட்டு, அதைக் கடை வாசலில் பலகையாக எழுதி மாட்டச் சொன்னார்கள். எழுத வந்த பெயிண்டர் அருளானந்தம், தேர்தல் சுவர்களில் ஓடி ஓடி எழுதிப் பழகின கை, 'இந்த அட்டைக்குச் சத்தில்லாத பொருள் தரப்படமாட்டாது' என்று எழுத வேண்டியதில் ஒரு ம கூடிப்போய், 'சத்தமில்லாத பொருள் தரப்படமாட்டாது' என்று எழுதி, அடியில் ஒரு பூவும் போட்டுவிட்டுப் போனார்.

ஊரில் ஒருத்தரும் அந்தப் பலகையை முழுசாகப் படிக்கவில்லை. அரசாங்கம் எழுதியிருந்தால் எதையாவது கூடாது என்றுதான் எழுதியிருக்கும் என்று பார்த்தபடியே போனார்கள். துளசிமணி ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்து, 'சத்தமில்லாத' என்ற இடத்தில் நின்று, இது சரிதானா என்று யாரையாவது கேட்கலாமென்று வாய்வரைக்கும் வந்து, நமக்கென்ன தெரியும் என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். ஆனால் கடைக்குள் அடுக்கியிருந்த பண்டங்கள் அந்தப் பலகையைப் படித்தன. சத்து இல்லாவிட்டால் போகிறது, சத்தம் இருந்தால் அட்டைக்குப் போகலாம் என்று அவை எடுத்துக்கொண்டன.

சென்னியப்பனுக்கோ பெண்களின் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வராது. மெஷினில் பாசிப்பயறு என்று தட்டிவிட்டு, பன்னைக் காகிதத்தில் சுற்றி, முட்டைக்கு அடியில் வைத்துக் கொடுப்பார். அட்டை மெஷினில் தேய்ந்த அந்த நொடியிலேயே பண்டத்துக்குக் குரல் வந்துவிடும். சிப்ஸ், காய்ந்த சருகின்மேல் யாரோ நடப்பதுபோல மொறுமொறுவென்றது. கலர், சுமையை இறக்கிவைத்தவள் மாதிரி உஸ்ஸென்றது. பிஸ்கட், பல்லி மாதிரி உச்சுக்கொட்டியது. கிரீம் பன் மட்டும், கதை கேட்கிற பிள்ளை ம் கொட்டுவதுபோல, எதிரே யார் எதைச் சொன்னாலும் 'ம்' என்றது. தின்ற பிறகும் அடங்கவில்லை. தின்றவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு, பெரியவர்களுக்குப் பொழுது சாயும்வரைக்கும், பிள்ளைகளுக்கு மறுநாள் வரைக்கும் கேட்டது.

முதல் நாள் எல்லோரும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். அதற்கும் அடுத்த நாள் அது தெருவில் தண்ணி வருகிற மாதிரி, கரண்ட் போகிற மாதிரி, ஊரில் உள்ள ஒன்றாகிப் போனது. இழவு வீட்டில் 'என்னைத் தனியா விட்டுட்டுப் போறியே' என்று ஒருத்தி அழுதபோது கூட்டத்திலிருந்து ஒரு வயிறு 'ம்' என்றது, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பெண்கள் குனிந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், அக்காள் அட்டையில் தின்ற மாப்பிள்ளை உஸ்ஸென்றான், அண்ணி அட்டையில் தின்ற பெண் மொறுமொறுத்தாள், இரண்டு வீட்டுக்கும் பேச ஒன்றுமில்லாமல் போய் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். கம்பெனியில் ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்து இடத்துக்குப் போட்டி வந்தது, அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. சாயங்காலமானால் லைன் முழுக்க டிவியைச் சத்தமாக வைத்தார்கள். மாரியம்மன் நோம்பிக்குப் பறை அடித்த நாட்களில் சென்னியப்பன் கடையில் பன் மீதமில்லாமல் தீர்ந்தது.

காசு கொடுத்து வாங்கின பண்டம் ஊமையாகவே இருந்தது. கம்பெனி முதலாளி வீட்டுப் பையன் காரை நிறுத்தி அதே பன்னை அதே கடையில் வாங்கி ஜன்னல் வழியே சிந்தச் சிந்தத் தின்றான், அவன் வயிறு குளம் மாதிரி அமைதியாக இருந்தது. ஆண்கள் குடிக்கிற பிராந்தியும் சத்தம் போடவில்லை. "அதுக்கும் அட்டை குடுத்திருந்தா இந்தத் தெருவுல ஒருத்தியாச்சும் தூங்கியிருப்பாளா?" என்று குழாயடியில் அம்சவேணி கேட்டாள். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அம்சவேணி துளசிமணிக்கு அடுத்த கதவு. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான், செக்கிங் டேபிளில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, மூன்று வயசுப் பையன் கௌஷிக்கை ஒண்டியாக வளர்க்கிறாள். பேச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை. துளசிமணி கடையில் கேட்க வேண்டியது, வாடகை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது, ஆஸ்பத்திரி வரிசையில் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் இத்தனை நாளும் அவள்தான் கேட்டுக் கொடுத்தாள். "உன்ற வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கு, தொறந்து பேசேன் அம்மிணி" என்று திட்டிக்கொண்டே கேட்டுக் கொடுப்பாள்.

பால்வாடிகளை மேற்பார்க்கிற சூப்பர்வைசர் மேடம் சங்கதியைக் கேள்விப்பட்டு ஆச்சரியப்படவில்லை. வீடு வீடாக ஆளனுப்பிச் சோதிக்கிற வேலை மிச்சம் என்று சொல்லி, பால்வாடியில் ஒரு நாளைக் குறித்து, அட்டைக்காரர்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், வயிற்றில் காது வைத்துப் பார்ப்போம், சத்தம் கேட்டால் அட்டை போய்விடும் என்று சொல்லியனுப்பினார். அந்த நாளுக்குக் காது வைக்கிற நாள் என்று ஊரே பேர் வைத்துவிட்டது.

துளசிமணி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். தன்சிகாவின் எடை பால்வாடித் தராசில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது, அட்டையில் வருகிற முட்டையும் பருப்பும் நின்றுபோனால் அந்தக் கோட்டை அவள் எப்போது தாண்டுவாள். கடலையை அரைத்து வெல்லம் போட்டு உருட்டிக் கொடுத்தாள், குழந்தை துப்பியது. பயறை மசித்துக் கொடுத்தாள், தட்டோடு தள்ளியது. பன்னை நிறுத்திய அன்றைக்குக் குழந்தை வீறிட்ட வீறலில் தனபால் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிவந்த கண்ணோடு வேலைக்குக் கிளம்பினான், அவன் திரும்பி வரும்வரை அவள் உயிர் தொட்டி விளிம்பில் நின்றது. வந்து படுத்தான். குழந்தை வாயைக் கோணியது. காது வைக்கிற நாள் காலையில்தான் அவள் கை மறுபடி பன்னை எடுத்துக் கொடுத்தது. பிறகு பனியன் துணி வெட்டுகளை அடுக்கடுக்காகக் குழந்தையின் வயிற்றில் சுற்றி, மேலே கவுனை மாட்டி, தூக்கிக்கொண்டு போனாள்.

பால்வாடியில் பிள்ளைகளை வரிசையாகப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். மேடம் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வயிறாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். துணியின் கதகதப்பில் தன்சிகா தூங்கிப்போனாள். அவளுக்கு இந்தப் பக்கம் கௌஷிக். மேடம் அவன் வயிற்றுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டே அம்சவேணியிடம் கேட்டார்.

"பையனுக்குப் பன், கிரீம் பன் ஏதாவது குடுத்தியாம்மா?"

ஒரு சத்தமும் வராமலிருந்த அந்த இடைவெளியில், துணி அடுக்குகளுக்கு அடியிலிருந்து, கதை கேட்கிற பிள்ளை மாதிரி, தெளிவாக ஒரு 'ம்' வந்தது.

அறையே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு நிமிர்ந்தார். "பையனே ஒத்துக்கறானே" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே, நிலக்கடலையும் வெல்லமும் தவிர வேறெதுவும் அவன் வாயில் வைக்கவில்லை, வேணுமானால் வாயை மோந்து பாருங்கள் என்று அம்சவேணி சொன்னாள், சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். தன்சிகாவின் வயிறு கவுனுக்குள் மூட்டை மாதிரி புடைத்திருந்ததைப் பார்த்தாள். பிறகு துளசிமணியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காத்திருந்தாள். துளசிமணிக்காக வாடகை கேட்காமல் இத்தனை வருஷம் வாயைக் கொடுத்தவள், இந்த ஒரு பேச்சை அவளே பேசட்டும் என்று காத்திருந்தாள். துளசிமணி குனிந்து, தன் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவ்வளவு பஞ்சு அதில் இல்லை. இல்லாத பஞ்சையும் எடுத்தாள். அம்சவேணி அட்டையை மேசையில் வைத்துவிட்டு, பையனைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு, நரம்பு சுருண்ட காலோடு இறங்கிப் போனாள். மேடம் அடுத்ததாகத் தன்சிகாவிடம் குனிந்தார். யாரும் அப்போது எதுவும் பேசவில்லை, அதனால் ம் கொட்டவும் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து குழாயடியில் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்சவேணி யாரிடமும் பேசுவதில்லை. கௌஷிக் துளசிமணி வாசலில் வந்து நின்றால், உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவனை இழுத்துக்கொள்ளும். துளசிமணி தன் அட்டையில் வந்த முட்டைகளைத் துணியில் முடிந்து அந்தக் கதவடியில் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவை, ஒரு கீறல்கூட இல்லாமல், அவளுடைய வாசற்படியில் வரிசையாக நின்றன. மறுபடி வைத்தாள், மறுபடி வந்தன. லைனில் உள்ளவர்கள் அந்த முட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள், எந்தப் பிள்ளையும் தொடவில்லை.

இதற்குள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தவர் பலகையை நின்று படித்துவிட்டார். சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அருளானந்தத்தைக் கூப்பிட்டனுப்ப, அவர் வந்து, ம-வைச் சுரண்டி, மேலே வெள்ளை அடித்து, சரியாக எழுதிவிட்டு, பூவையும் ஒருமுறை புதுப்பித்துவிட்டுப் போனார். பண்டங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருதரம் படித்ததை மறக்க அவற்றுக்குத் தெரியவில்லை.

துளசிமணி பன் வாங்குவதை விட்டுவிட்டாள். குழந்தை அழுதால் இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடைக்கரை வரைக்கும் நடந்தாள், அன்றைக்கு எந்தச் சாயம் ஓடுகிறதோ அந்த நிறத்தைக் காட்டி வேடிக்கை பண்ணினாள், பிசிறு வெட்டுகிற வேலை மூட்டையாகத் தேங்கியது. தன்சிகாவின் வயிறு ஓய்ந்தது. ஆனால் ஒரு நாள் குழாயடியில், பாவம் அம்சவேணி, எவளோ செய்ததற்கு அவள் மாட்டிக்கொண்டாள் என்று ஒருத்தி சொன்னபோது, துளசிமணியின் நெஞ்சுக்குக் கீழே எங்கிருந்தோ 'ம்' என்று ஒரு சத்தம் வந்தது. அவள் காலையிலிருந்து ராகிக் களி தவிர எதுவும் தின்னவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பின்னால், "புள்ளைக்கு வாங்கறதை இவளே முழுங்கிப் போடறா போல" என்ற பேச்சு வந்தது. அதற்கு மட்டும் வயிறு எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் பன்னின் சத்தம் மாதிரி எல்லாவற்றுக்கும் வருவதில்லை. மற்ற பேச்சுக்கு வராது. அம்சவேணி பேச்சு எடுத்தால் வரும். கௌஷிக் இளைத்துப்போனான் என்று யாராவது சொன்னால் வரும். மூட்டை வாங்கக் கம்பெனிக்குப் போய் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நின்றாலும் அவளுக்குக் கேட்டது. ஒரு மத்தியானம் தனபால் பாயில் புரண்டு படுத்து, கண்ணை மூடியபடியே கேட்டான்.

"அம்சவேணி அக்கா ஏன் நம்மகூடப் பேசறதில்ல? நீ எதாச்சும் பண்ணுனியா?"

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். 'ம்' என்றது. அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், நீலக் காது மேலே தெரிந்தது. தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தரியை எடுத்தாள், பிசிறென்று நினைத்துத் தையலையே வெட்டிவிட்டாள், ஒரு பனியன் தோள்பட்டை பிரிந்து மடியில் விழுந்தது.

அடுத்த காது வைக்கிற நாளுக்கு அவள் தன்சிகாவின் வயிற்றில் எதையும் சுற்றவில்லை. வழியிலேயே தூங்கிப்போன குழந்தையைப் பால்வாடி வராந்தாவில், மற்றப் பிள்ளைகளின் பைகளுக்குப் பக்கத்தில், தலைக்குத் துண்டை மடித்து வைத்துப் படுக்கப் போட்டாள். அட்டை இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால், பகலில் பால்வாடியில் விட்டுப்போகும் கௌஷிக்கைக் கூட்டிப்போக வந்த அம்சவேணி கேட்டுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்தபடி உள்ளே போன துளசிமணி, வரிசையில் நிற்காமல், எல்லோரையும் தாண்டி, நேரே மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் ஒருத்தி வரிசையில் வா என்று அதட்டினாள். அவள் தன் பச்சை அட்டையை மேசைமேல் வைத்தாள். அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"அன்னைக்கு ம் கொட்டுனது கௌஷிக் இல்லீங்க மேடம்" என்றாள். அவள் குரலை அந்த அறையில் பாதிப் பேர் முதல்முறையாகக் கேட்டார்கள். "என்ற புள்ளைங்க. துணியச் சுத்தி மறைச்சுக் கொண்டாந்தேன். அக்காவைச் சொன்னப்பவும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே இருந்தது ம் சொல்லும் என்று அவள் காத்திருந்தாள், அது சொல்லவில்லை, அதற்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போயிருந்தது. ஆனால் முகம் மட்டும் காந்தியது, காது மடல் வரைக்கும் காந்தியது, சொல்லிவிட்டால் தணியும் என்று நினைத்திருந்தாள், தணியவில்லை.

மேடம் அவளுடைய அட்டையை எடுத்து டிராயருக்குள் போட்டார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றார். அம்சவேணியின் அட்டையை எடுத்து பால்வாடி ரெஜினா டீச்சரிடம் கொடுத்தனுப்பினார், டீச்சர் வராந்தாவைக் கடந்து போய் கேட்டுக் கம்பி வழியே அதை நீட்டினார், வெளியே நின்ற கை அதை உடனே வாங்கவில்லை, கொஞ்சம் பொறுத்து வாங்கியது. துளசிமணி இதையெல்லாம் திரும்பிப் பார்க்காமலே பார்த்தாள். இனி என்ன, போகலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்போது மேடம், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா. எடை ஏறாத கொழந்தைக்குப் போயி, என்ன இருக்குன்னு அந்தப் பன்னைக் குடுத்தே?"

இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், ராத்திரி ஷிப்ட்டைச் சொல்லி, ஒரே அறை என்று சொல்லி, சாயத் தொட்டி இவ்வளவு ஆழம் என்று கையை இடுப்புக்கு மேலே காட்டி, அது கொதிக்கும்போது வருகிற வாடையைச் சொல்லி, கிழிந்த காலரைச் சொல்ல வந்தபோது, வராந்தாவில் தன்சிகா விழித்துக்கொண்டு அழுதாள். பன் இல்லாத, துணி சுற்றாத, வெறும் வயிற்றுப் பிள்ளையின் அழுகை. பெண்கள் கழுத்தைத் திருப்பினார்கள். கேட்டுப் பக்கமிருந்து, இத்தனை நாளாக யாரும் கேட்காத அம்சவேணியின் குரல், கொஞ்சம் கரகரத்து வந்தது.

"துளசீ, உன்ற மக அழுகுறா. வந்து எடு."

"இதா வந்துட்டேங்க்கா" என்று பாதி ஓட்டமாகத் திரும்பியவள், நிலையைப் பிடித்து நின்று, இதை ஒன்றையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று மேடத்தைப் பார்த்து, "பசிக்குன்னு குடுக்கலைங்க மேடம், அவ அழுகற சத்தம் கேட்டா அவரு முழிச்சுக்குவாரு, முழிச்சா மறுக்கா தொட்டிகிட்ட, அதனாலதானுங்க நான்..." என்று பாதியில் விட்டுவிட்டு, அழுகிற பிள்ளையிடம் ஓடினாள்.